கொட்டாங்கச்சியில் ஓடிய குதிரை

1987, மாசி மாதம். மாரியம்மன் திருவிழாவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆர்கெஸ்ட்ரா வருகிறது, மேடை நம் பள்ளி மைதானத்தில்தான் என்று டிரில் மாஸ்டர் காலை வணக்கத்தில் அறிவித்தார். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு.

நீலகிரியின் தேயிலைத் தோட்டப் பகுதியான பந்தலூர்ப் பக்கம் அன்று எப்படி இருந்தது என்று நமக்குப் பின் படித்தவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் வகுப்பில் பாதிப்பேர். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருப்பு, விடிந்தால் பிரட்டு என்னும் வேலைக்கான பெயர் அழைப்பு, பகலெல்லாம் கொழுந்து பறிப்பு. வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரம் ரேடியோ. அதில் இலங்கை வானொலி கேட்டால் என் அப்பாயி, அப்பாவின் அம்மா, முகம் மாறிவிடும். விட்டுவந்த மஸ்கெலியாவின் குரல் அல்லவா அது. ஆனால் பாட்டில் கேட்ட வாத்தியங்களில் ஒன்றையாவது நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை.

மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டி, நடுவட்டம், கூடலூர், நாடுகாணி என்று அந்த வேன் வந்து சேர மாலை நான்கு ஆகிவிட்டது. கடைசி ஏற்றத்தில் சரளைக்கல்லில் சக்கரம் சுழன்றதே தவிர வண்டி ஏறவில்லை. மாணவர்கள் எல்லோரும் இறங்கி ஓடினோம். தலைக்கொரு பெட்டி. எனக்குக் கிடைத்தது தபேலா.

இரவு பனி இறங்கத் தொடங்கியதும் தபேலாக்காரர் தோலை விரலால் அழுத்திப் பார்த்து முகம் சுளித்தார்.

“தோல் இறங்கிப் போச்சு தம்பி. பக்கத்தில் எங்கேயாவது நெருப்பு கிடைக்குமா?”

தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனேன். தேயிலையை உலர்த்தும் டிரையர் அடுப்பின் வாயிலிருந்து ஒரு கை தூரத்தில் தபேலாவைப் பிடித்துக்கொண்டு, ரொட்டியைத் திருப்புவதுபோல மெல்லத் திருப்பினார். நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தில் சூடு நேராகப் பட்டால் வெடித்துவிடுமாம். திருப்புவார், தட்டுவார், காதைச் சாய்ப்பார். ‘தொம்’ என்று கிடந்த தோல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி ‘டிங்’ என்றது. பிறகு சிறு சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டிச் சுருதி சேர்த்தார். திரும்பி வந்தால் புல்லாங்குழல்காரர் குழலை ஸ்வெட்டருக்குள் வைத்து அணைத்துக்கொண்டிருந்தார். குளிர்ந்தால் குழலின் சுருதி இறங்கிவிடும்.

பெட்டியைக் காவல் காத்த உரிமையில் மேடையோரம் இடம் கிடைத்தது. பாடகர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. என் கண்ணெல்லாம் பின்வரிசையில் நின்ற சைடு ரிதம் அண்ணன்மேல்தான். சலங்கை, முக்கோணக் கம்பி, குலுக்கும் உருண்டை எல்லாம் அவர் முன்னால் ஒரு மேசையில் பரப்பியிருந்தன. குதிரை வண்டிப் பாட்டு ஒன்று தொடங்கியதும் அவர் இரண்டு கொட்டாங்கச்சிகளை எடுத்துக் கவிழ்த்துப் பலகையில் தட்டினார். ‘டொக்கு டொக்கு’ என்று குதிரை ஓடியது! ரேடியோவில் எத்தனையோ முறை கேட்ட அந்தக் குளம்பொலி கொட்டாங்கச்சியா? பக்கத்திலிருந்தவன் தொடையைக் கிள்ளிக் காட்டினேன்.

அப்பாயி ஒரு பழைய பாட்டைக் கேட்டுத் துண்டுச் சீட்டு அனுப்பியிருந்தார், எழுதியது நான். அதன் இசைக்குறிப்பு அவர்களிடம் இல்லை. தெரியாது என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போயிருக்கலாம். வயலின்காரர் படியில் வந்து உட்கார்ந்து, “நீங்க பாடுங்கம்மா, நான் பிடிச்சுக்கறேன்” என்றார். அப்பாயி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டே முணுமுணுத்தார். “சரணம் மட்டும் இன்னொரு தடவை.” மூன்றாவது தடவை வில் தானாக அவர் குரலுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியது. அப்பாயிக்குத் தலைப்பு எப்போது நழுவியது என்றே தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முடிக்க வேண்டிய கச்சேரி இரண்டரைக்கு முடிந்தது. இப்போது ஊருக்குப் போகும்போது திருவிழாக்களில் டிராக் போட்டு, அதாவது முன்பே பதிவு செய்த இசையை ஓடவிட்டு, பாடுவதைக் கேட்கிறேன். சுருதி சுத்தமாகத்தான் இருக்கிறது. பனியில் இறங்கும் தோல் அதில் இல்லை, ஒரு கிழவியின் சரணத்துக்காகக் காத்திருக்கும் வில்லும் இல்லை. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுநாள் முதல் வகுப்பில் பெஞ்சு பெஞ்சாகக் குதிரை ஓடியது. டிரில் மாஸ்டர் பறித்துவைத்த கொட்டாங்கச்சிகள் ஒரு சாக்கு இருக்கும். என் ஜோடியும் போய்விட்டது. அதற்குப் பிறகு அப்பாயி சட்னிக்குத் தேங்காய் துருவினால் மூடியை அடுப்பில் போடுவதில்லை. கழுவித் துடைத்து, என் புத்தகப்பைமேல் வைத்துவிட்டுத்தான் பிரட்டுக்குப் போவார்.