குளோராம்பெனிகால் டிஸ்க்கைச் சுற்றி

டைபாய்டு கிருமி சாப்பாட்டிலும் தண்ணீரிலும் வந்து, குடலைத் துளைத்து ரத்தத்துக்குப் போய்விடும். ரத்தத்தில் இருந்தால் கல்ச்சரில் வளர்த்து எடுப்பது ஆய்வகத்தில் எங்களுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் பலர் மருந்துக்கடையில் நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டு, அதற்குக் கேட்காத பிறகுதான் ரத்தம் கொடுக்க வருவார்கள். கல்ச்சரில் ஒன்றும் வளராது, காய்ச்சலும் விடாது. அப்புறம், கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உண்டான ஆன்டிபாடிகளைப் பார்க்கும் வைடால் டெஸ்ட்டை நம்பி மருந்து எழுதுவார்கள். என்றோ வந்துபோன டைபாய்டுக்கும் அது பாசிட்டிவ் காட்டும்!

வளர்ந்த கிருமியை அகார் என்னும் ஜெல்லித் தட்டில் தடவி, மருந்து தோய்த்த காகித டிஸ்க்குகளை வைத்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் விடுவோம். மறுநாள் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளப்போம். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு முன்பெல்லாம் 21 மி.மீ. இருந்தாலே சென்சிட்டிவ், அதாவது கிருமி மருந்துக்கு அடங்கும் என்று அர்த்தம். வார்டிலிருந்து போன் வரும்: "சென்சிட்டிவ்னு குடுத்திருக்கீங்க, ஒரு வாரமா காய்ச்சல் இறங்கலையே?" அந்தக் கிருமிகளில் பலவற்றுக்கு, சிப்ரோவின் குடும்பத்துப் பழைய மருந்தான நாலிடிக்சிக் அமில டிஸ்க்கைச் சுற்றி வட்டமே இருக்காது. சிப்ரோவுக்கு அரைகுறை எதிர்ப்பு வந்துவிட்டதன் அடையாளம் அது. 2012-ல், ஆய்வகங்களுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. சிப்ரோவின் அந்த அளவை 31 மி.மீ. ஆக்கியது. என்னைக் கேட்டால், வார்டு அதை முன்பே சொல்லிவிட்டது.

குளோராம்பெனிகால் கதை வேறு. 1948-லிருந்து டைபாய்டுக்கு அதுதான் மருந்து. 1972-ல் கோழிக்கோட்டில் அதற்கு அடங்காத டைபாய்டு பரவியது. போகப்போக டாக்டர்கள் அதைக் கைவிட்டார்கள். இப்போது அந்த டிஸ்க்கை வைத்தால் பெரும்பாலும் அகலமான வட்டம் கிடைக்கிறது. எதிர்ப்பு மரபணுக்கள் பிளாஸ்மிட் என்னும் தனி டி.என்.ஏ. வளையத்தில் இருந்தன, மருந்தின் புழக்கம் குறைந்ததும் அந்தச் சுமை இல்லாத கிருமிகள் பெருகிவிட்டன. சிப்ரோ எதிர்ப்போ கிருமியின் சொந்தக் குரோமோசோமிலேயே, டி.என்.ஏ.வின் முறுக்கைக் கையாளும் ஜைரேஸ் என்ற நொதியின் மரபணுவில் உட்கார்ந்திருக்கிறது. அது லேசில் போகாது.

குளோராம்பெனிகால் சென்சிட்டிவ் என்று ரிப்போர்ட் போனாலும் யாரும் எழுதுவதில்லை. அரிதாக எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துவிடும் என்ற பயம், நியாயமான பயம்தான். எழுதுவது செஃப்ட்ரியாக்சோன் ஊசி, இல்லாவிட்டால் அசித்ரோமைசின். 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு கிளம்பியது. மாத்திரையாகக் கொடுக்க அசித்ரோமைசின்தான் மிஞ்சியது. அதிலிருந்து செஃப்ட்ரியாக்சோன் வட்டம் கொஞ்சம் சுருங்கித் தெரிந்தாலும், டெஸ்ட்டைத் திரும்பப் போட்டுவிட்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் வார்டுக்குப் போனில் சொல்லிவிடுகிறோம்.