34ம் 38ம்

அம்மாவின் ட்ரைகிளிசரைட், அதாவது இரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்பு, 34. எனக்கு 38. ஒரே நாளில், கல்லடியில் ஒரே ஆய்வுகூடத்தில் எடுத்த ரிப்போர்ட்டுகள். 150க்குக் கீழே இருந்தால் சரி என்று தாளிலேயே போட்டிருந்தது. "எனக்குக் கொழுப்பே இல்லையாம்" என்று அம்மா பக்கத்து வீட்டுக்கும் சொல்லிட்டா. நானும் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

அம்மாவின் பிரஷர் கிளினிக் நாளன்று இரண்டு தாளையும் டொக்டரிடம் கொடுத்தேன். என்னிடம் மூன்றே கேள்விதான். நிறை குறைஞ்சதா? வயிற்றோட்டம் இருக்கா? சாப்பாட்டைக் குறைச்சீங்களா? மூன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முந்திய ரிப்போர்ட்டிலும் 41தான். "உங்கட உடம்புவாகு அப்படி, யோசிக்காதீங்க" என்றார். கூடினால் இவ்வளவு என்று எல்லை வைத்திருக்கிறார்களாம். குறைந்தால் நோய் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட எல்லை கிடையாதாம்.

அம்மாவின் முறை வந்ததும் முதலில் கிளினிக் கொப்பியைப் புரட்டினார். நிறை 58, 55, 51. ஆறு மாதத்தில் ஏழு கிலோ! ஒவ்வொரு முறையும் பிரஷர் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு நான் மூடி வைத்த கொப்பி அது. "கையை நீட்டுங்க அம்மா" என்றவர், அந்த ரிப்போர்ட் தாளையே எடுத்து விரித்த விரல்களின் மேல் வைத்தார். காற்றாடி இல்லாத அறை. தாளின் ஓரம் படபடவென்று அடித்தது. காப்பு முழங்கை வரை ஏறி நின்றது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. நாடி 112.

"வயசு போனா உடம்பு வத்தும்தானே மனே" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னா. பசி குறையவே இல்லை, புட்டும் மீன் சொதியும் வழக்கத்தைவிடக் கூடத்தான் சாப்பிட்டா. அதைத்தான் டொக்டர் பிடித்துக்கொண்டார். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி கூடுதலாகச் சுரந்தால் உடம்பு கொழுப்பை வேகமாக எரிக்கும், ஈரலும் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை வேகமாக இழுத்துக்கொள்ளும் என்று விளங்கப்படுத்தினார். அம்மாவின் மொத்தக் கொலஸ்ட்ரோலும் 118தான். சாப்பாட்டிலுள்ள கொழுப்பைக் குடல் உறிஞ்சாவிட்டாலும் இப்படிக் குறையலாம் என்பதால், மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா என்றும் கேட்டார். இல்லை.

முதல் தடவை அம்மா முந்தின நாள் பின்னேரத்திலிருந்தே ஒன்றும் சாப்பிடாமல் பதினாறு மணித்தியாலம் கிடந்திருக்கிறா. பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் போதும், தண்ணீர் குடிக்கலாம் என்று திரும்ப எடுக்கச் சொன்னார். அப்போதும் 36. கூடவே எடுத்த டிஎஸ்எச் 0.01. தைரொயிட்டைச் சுரக்கத் தூண்டும் ஹோர்மோன் அது, தைரொயிட் கூடினால் இது குறையுமாம். குறைந்தது 0.4 ஆவது இருக்க வேண்டுமாம்.

தைரொயிட் சுரப்பைக் குறைக்கும் காபிமசோல் குளிசையைத் தொடங்கினோம். குளிசையை எழுதும்போது டொக்டர் ஒன்றை இரண்டு தரம் சொன்னார், நானும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால் உடனே குளிசையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே போய் வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். கொப்பியின் முன் அட்டையில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆறு மாதத்தின் பின் ட்ரைகிளிசரைட் 81, கொலஸ்ட்ரோல் 172, நிறை 55. "கூடிட்டே மனே" என்று அம்மாவுக்கு ஒரே கவலை. அடுத்த டிஎஸ்எச் வைகாசியில். கண்ணகி அம்மன் சடங்கு முடிந்த பிறகுதான் இரத்தம் எடுக்க வருவாவாம். டொக்டரும் சரி என்றிட்டார்.