குறைப்பட்டியலும் கையெழுத்தும்: தொடக்ககால சோவியத் விமான விபத்துகளைப் படித்தபோது

பயிற்சிப் பள்ளி ஒன்றின் சிறிய விமானங்களைப் பராமரிக்கும் பொறியாளராகப் பணிக்காலத்தைக் கழித்தவன் நான். எங்கள் வேலையில் ஸ்பேனர் பிடிக்கும் நேரத்தைவிடக் காகிதத்தோடு செலவாகும் நேரமே அதிகம் என்பது வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. குறையைச் சரிசெய்தவர் கையெழுத்திட வேண்டும். சோதித்தவர் கையெழுத்திட வேண்டும். விமானம் பறக்கத் தகுதியானது என்று சான்றளிப்பவர் இறுதியாகக் கையெழுத்திட வேண்டும். இந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, சோவியத் ஒன்றியத்தின் முதல் இருபது ஆண்டுகளில் நடந்த சிறிய விமான விபத்துகளைப் படிக்கத் தொடங்கியபோது விமானிகளின் துணிச்சலில் என் மனம் அதிகம் நிற்கவில்லை. விமானத்தை ஹாங்கர் எனப்படும் கொட்டகையிலிருந்து வெளியே விட்டவர்கள் என்ன அறிந்திருந்தார்கள், எதை எழுதிவைத்தார்கள், எழுதிவைத்த சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு இருந்தது என்பதையே தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் சொல்லவேண்டியது 1923ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. நிக்கொலாய் பொலிகார்பவ் வடிவமைத்த ஐஎல்-400 என்ற ஒற்றை இருக்கைப் போர்விமானம், 400 குதிரைத்திறன் கொண்ட லிபர்ட்டி வகை எஞ்சினுடன் முதன்முறையாக மேலெழுந்தது. தரையை விட்டதுமே மூக்கு தானாக மேல்நோக்கி ஏறியது. விமானி கன்ஸ்தந்தீன் அர்ட்சியூலவ் கட்டுப்பாட்டுக் கோலை எவ்வளவு முன்னால் தள்ளியும் அது இறங்கவில்லை. வேகம் இழந்த விமானம் தட்டையாகத் தரையில் வந்து விழுந்தது. அவர் பலத்த காயங்களோடு பிழைத்தார். பிறகு காற்றுச் சுரங்கத்தில், அதாவது மாதிரியின்மேல் வேகமாகக் காற்றைச் செலுத்திப் பார்க்கும் கூடத்தில், சோதித்தபோது காரணம் தெரிந்தது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான அகலத்தில் ஈர்ப்பு மையம் 52 விழுக்காட்டுத் தொலைவில் இருந்தது. வழக்கமான விமானங்களில் அது ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் இருக்கும். அந்த அளவு பின்னால் போன எடையை வாலின் விசையால் சமன்செய்ய முடியாது.

இதைப் படிக்கும் எந்தப் பராமரிப்புப் பொறியாளருக்கும் எடை போடும் நாள் நினைவுக்கு வரும். விமானத்தை மட்டமாக நிறுத்தி, மூன்று சக்கரங்களின் அடியிலும் தராசு வைத்து, ஹாங்கர் கதவுகளை மூடிக் காற்று நுழையாமல் செய்து, ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் எடையைக் குறித்து, அவற்றிலிருந்து ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுவோம். புதிய ரேடியோ ஒன்றைப் பொருத்தினாலும், பழைய பேட்டரியை வேறிடத்துக்கு மாற்றினாலும் கணக்கைத் திருத்த வேண்டும். பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கு இது சலிப்பூட்டும் வேலை. சிலர் அதை வெளிப்படையாகவே காட்டிக்கொள்வார்கள். ஐஎல்-400 விழுந்த கதையை அவர்களிடம் சொல்வது என் வழக்கம். அந்த விமானத்தை வெளியே விட்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்களிடம் மறைத்துவைக்க எதுவும் இருக்கவில்லை. காற்றுச் சுரங்கச் சோதனை முதல் பறப்புக்கு முன்னால் வரவேண்டியது என்ற ஒழுங்கே அப்போது உருவாகியிருக்கவில்லை. அறியாமையால் நேரும் விபத்து என்று ஒரு வகை உண்டு என்றால், இதுவே அதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

ஈர்ப்பு மையத்தை முன்னால் நகர்த்தித் திருத்திய வடிவம் ஐ-1 என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. ஆனால் பழைய நோய் முழுவதும் தீரவில்லை. ஸ்பின் எனப்படும் சுழல் வீழ்ச்சியில் சிக்கினால் அந்த விமானம் மீள மறுத்தது. 1927ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று மிகயீல் குரோமவ் அதைச் சோதித்தபோது, எந்த அசைவுக்கும் கட்டுப்படாத சுழற்சியிலிருந்து விமானத்தைக் கைவிட்டுப் பாராசூட்டில் குதித்தார். பாராசூட்டால் உயிர்தப்பிய முதல் சோவியத் விமானி அவர். இதில் ஒரு விந்தை உண்டு. 1916ஆம் ஆண்டிலேயே கிரிமியாவின் கச்சா விமானப் பள்ளியில், வேண்டுமென்றே விமானத்தை ஸ்பின்னில் செலுத்தி அதிலிருந்து மீளும் முறையைச் செய்துகாட்டியவர், ஐஎல்-400இல் விழுந்த அதே அர்ட்சியூலவ்தான். விமானி செய்யவேண்டியது என்ன என்பது பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தும், அதற்குக் கட்டுப்படும் விமானத்தை எப்படி வடிவமைப்பது என்பது தெரிந்திருக்கவில்லை. விளதீமிர் பிஷ்னோவ் ஸ்பின்னின் இயக்கத்தைக் கணித முறையில் விளக்கியது 1920களின் இறுதியில்தான்.

என்னை மிகவும் உறுத்திய விபத்து இவற்றுக்கிடையில், 1926ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று நடந்தது. பொலிகார்பவின் இன்னொரு வடிவமான 2ஐ-என்1, நேப்பியர் எஞ்சின் பொருத்திய இரட்டை இருக்கைப் போர்விமானம், வேகத்தை அளப்பதற்காகத் தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தபோது வலப்புற இறக்கையின் பிளைவுட் உறை பிய்ந்து, இறக்கை சிதைந்து விழுந்தது. இருவர் இறந்தனர். விசாரணையில் இரண்டு காரணங்கள் வெளிப்பட்டன. உறைக்கும் உள்ளே இருந்த விலா எலும்பு போன்ற சட்டங்களுக்கும் இடையில் பசை சரியாகப் பற்றவில்லை. இறக்கையின் உள்ளே சிக்கும் காற்றின் அழுத்தத்தை வெளியோடு சமன்செய்யும் துளைகள் இடப்படவில்லை. வேகம் கூடக்கூட இறக்கையின் வெளிப்புறத்தில் அழுத்தம் குறைகிறது, உள்ளே அடைபட்ட காற்று உறையை வெளியே தள்ளுகிறது, பற்றாத பசை விட்டுக்கொடுக்கிறது.

மர விமானங்களில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள்: ஒட்டிய இணைப்பை ஒட்டிய பிறகு சோதிக்க முடியாது. வெளியே பசை பிதுங்கி ஒழுங்காகத் தெரியும். உள்ளே வறண்டு கிடக்கலாம். பசை கலந்த அளவு, பட்டறையின் வெப்பம், மரத்தின் ஈரம், இறுக்கிப் பிடித்திருந்த நேரம் ஆகியவற்றை ஒட்டும்போதே ஒருவர் கவனித்திருந்தால்தான் உண்டு. எங்களிடம் இருந்தவை பெரும்பாலும் உலோக விமானங்கள். ஆனாலும் ஒரு பலகத்தை மூடுவதற்கு முன் உள்ளே பார்த்துத் தனியாகக் கையெழுத்திடும் முறை இருந்தது. மூடிய பிறகு இடும் கையெழுத்து வெறும் நம்பிக்கைதானே? 2ஐ-என்1இன் துளைகளோ வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. பசைக் குறையை மன்னித்துவிடலாம். துளை இல்லாமல் ஒரு மூடிய இறக்கை ஆய்வைத் தாண்டி வந்ததை மன்னிப்பது கடினம்.

அலெக்சாந்தர் யாக்கவ்லெவ் வடிவமைத்த ஏஐஆர்-7இன் கதையில் யாரும் சாகவில்லை; அதனாலேயே அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1932இல் முதலில் பறந்த இந்தச் சிறிய விமானம் மணிக்கு 330 கிலோமீட்டருக்குமேல் எட்டி, அன்றைய போர்விமானங்களையே பின்தள்ளியது. 1933இல் அதிவேகப் பறப்பு ஒன்றில், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க உதவும் இறக்கை மடலான எய்லரான் பிய்ந்து போயிற்று. விமானி யூலியன் பியந்த்கோவ்ஸ்கி மிச்சமிருந்த கட்டுப்பாட்டைக்கொண்டே தரையிறக்கினார். விசாரணைக் குழு, யாக்கவ்லெவுக்கு வடிவமைப்பு வேலையைக் கொடுக்கக்கூடாது என்ற முடிவுக்கு வந்தது. அவருடைய குழு ஆலையிலிருந்து வெளியேற்றப்பட்டு, கட்டில் செய்யும் பட்டறை ஒன்றில் இடம்பெற்றது. எய்லரான் ஏன் பிய்ந்தது என்ற கேள்விக்கு அந்தத் தண்டனையில் விடை இல்லை. வேகம் கூடும்போது கட்டுப்பாட்டுப் பரப்புகள் திடீரெனத் துடித்துத் தம்மையே பிய்த்துக்கொள்ளும் ஃபிளட்டர் என்னும் நிகழ்வு அந்த ஆண்டுகளில் பல நாடுகளையும் அலைக்கழித்தது. மஸ்க்வாவின் மத்திய வானியக்கவியல் நிறுவனத்தில் ம்ஸ்திஸ்லாவ் கெல்திஷும் அவருடைய கூட்டாளிகளும் 1930களின் நடுவில் தொடங்கிச் செய்த ஆய்வுகளே அதைக் கணக்கிட்டுத் தவிர்க்கும் வழியைத் தந்தன. எய்லரான் கீல்களில் எவ்வளவு ஆட்டம் இருக்கலாம், மறுவண்ணம் பூசிய பிறகு அதன் சமன் எடையை ஏன் மறுபடி சோதிக்க வேண்டும் என்று எங்கள் கையேடுகள் வலியுறுத்துவதெல்லாம் இப்படிப்பட்ட அறிவிலிருந்து வந்தவையே.

குற்றவாளியைத் தேடும் அந்த மனநிலையைப் பொலிகார்பவ் இன்னும் நெருக்கமாக அறிந்திருந்தார். 1929இல் அவர் கைதுசெய்யப்பட்டார். சிறைக்குள் அமைக்கப்பட்ட வடிவமைப்புப் பணியகத்தில் இருந்துகொண்டே, 1930 ஏப்ரலில் முதலில் பறந்த ஐ-5 போர்விமானத்தை உருவாக்குவதில் பங்கெடுத்தார். நாசவேலை என்ற சொல் ஒவ்வொரு உடைந்த போல்ட்டுக்கும் பின்னால் காத்திருந்த காலம் அது. இதை மறந்துவிட்டு 1938ஆம் ஆண்டின் ஐ-180 விபத்தைப் படித்தால், ஏன் அத்தனை பேரும் குறைகளை எழுதிவைத்துவிட்டு விமானத்தையும் வெளியே விட்டார்கள் என்பது விளங்காது.

ஐ-180 புதிய விமானம். அதில் இருந்த எம்-88 எஞ்சினும் புதியது. ஆண்டு முடிவதற்குள் அது பறந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. முன்னோட்டச் சோதனைகளில் பல பத்துக் குறைகள் பட்டியலிடப்பட்டன. அவற்றில் சில அற்பமானவை, சில அப்படியல்ல. காற்றால் குளிரும் எஞ்சினின் முன்பக்கத்தில் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மடல்கள் பொருத்தப்படவில்லை என்பது அற்பமானதல்ல. டிசம்பர் 15 அன்று மஸ்க்வாவின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 25 பாகை. வட துருவத்தின் மேலாக அமெரிக்காவுக்குப் பறந்து நாடெங்கும் கொண்டாடப்பட்ட வலேரி ச்காலவ், ஹதீன்கா மைதானத்திலிருந்து அந்த விமானத்தை மேலெழுப்பினார். மைதானத்தை ஒட்டியே சுற்றவேண்டிய வட்டம் அகன்றுபோயிற்று. இறங்குவதற்காக எஞ்சினின் விசையைக் குறைத்தபோது அதன் சிலிண்டர்கள் அளவுக்கு மீறிக் குளிர்ந்தன. மறுபடி விசை கேட்டபோது எஞ்சின் கொடுக்கவில்லை. மைதானத்தை எட்ட முடியாமல், கட்டடங்களும் கம்பங்களும் நிறைந்த இடத்தில் விமானம் மோதியது. அவர் பிழைக்கவில்லை.

பிஸ்டன் எஞ்சினோடு வாழ்ந்தவர்களுக்கு இந்தச் சங்கிலி மிகவும் பழக்கமானது. உயரத்திலிருந்து இறங்கும்போது எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுவதும் மூடாமல் சிறிது விசையை வைத்துக்கொள்ளச் சொல்வதும், நீண்ட இறக்கத்தில் இடையிடையே எஞ்சினைச் சற்று முடுக்கி உயிரோட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதும், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு வெப்பக்காற்றைத் திறக்கச் சொல்வதும் பயிற்றுநர்களின் அன்றாடப் பாடம். வெப்ப நாட்டில் இதெல்லாம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். ஈரப்பதம் மிகுந்த வெதுவெதுப்பான காற்றிலும் கார்புரேட்டரில் பனி உறையும் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை.

விபத்துக்குப் பிறகு விமானத் தொழில்துறையின் உயர் அலுவலர் பெல்யாய்கின், ஆலை இயக்குநர் உசச்சோவ், பொலிகார்பவின் துணைவர் தமஷேவிச் உள்ளிட்டோர் கைதாயினர். ஆறு மாதங்கள் கழித்து, 1939ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று, பாதுகாப்புத் துறை மக்கள் ஆணையர் வரஷீலவ் 069 என்ற எண்ணிட்ட ஆணையை வெளியிட்டார். அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்து மே 15 வரை விமானப்படையில் உயிர்ச்சேதத்தோடு முடிந்த விபத்துகள் 34, இறந்தோர் 70; இவை தவிர 126 விபத்துகளில் 91 விமானங்கள் நொறுங்கின என்று அது கூறியது. சில மாதங்களுக்குள் சோவியத் ஒன்றிய வீரர் பட்டம் பெற்ற ஐவரை இழந்துவிட்டோம் என்று அவர்கள் ஒவ்வொருவரின் சாவுக்கும் காரணம் சொன்னது. குபேன்கோ தாழ்வான உயரத்தில் வித்தைப் பறப்பு செய்ததும், செரோவும் பலீனா அசிபேன்கோவும் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டுமே கொண்டு பறக்கும் பயிற்சியில் நிர்ணயித்த உயரத்துக்குக் கீழே இருந்ததும் விமானிகளின் ஒழுங்கு சார்ந்த காரணங்கள். அவற்றில் ஆணையோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை.

ச்காலவ் விஷயத்தில்தான் அந்த ஆணையை நான் பலமுறை திரும்பப் படித்தேன். விமானம் முற்றிலும் திருப்தியற்ற நிலையில் இருந்தது, அது ச்காலவுக்கு நன்றாகத் தெரியும், குறைகள் களையப்படும்வரை அவர் பறக்கக்கூடாது என்று ஸ்தாலினே தடுத்திருந்தார், அப்படியிருந்தும் அவர் பறந்தார் என்கிறது ஆணை. ஒரு விமானத்துக்கு எதிராகக் குறைப்பட்டியல் இருக்கிறது, நாட்டின் தலைவரின் தடையும் இருக்கிறது. அப்படியென்றால் எரிபொருள் நிரப்பியது யார், எஞ்சினைச் சூடேற்றியது யார், ஓடுபாதைக்கு வழிவிட்டது யார்? ஒரு விமானி, எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும், ஹாங்கரிலிருந்து தனியாக விமானத்தைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. பறப்புக்கு அனுமதிக்கும் காகிதத்தில் பல கைகள் பட்டிருக்க வேண்டும். தாமதம் செய்தால் நாசவேலைக்காரன், விமானம் விழுந்தாலும் நாசவேலைக்காரன் என்ற நிலையில் இருந்த பொறியாளருக்கு மிச்சமிருந்த ஒரே பாதுகாப்பு, குறையை எழுதிவைத்துவிடுவதுதான். அவர் எழுதியது விமானத்தை நிறுத்துவதற்காக அல்ல, நாளைய விசாரணையில் காட்டுவதற்காக. அத்தகைய பட்டியல் நீளமாக இருக்கும். ஆனால் அதில் எந்த ஒரு வரி விமானத்தைத் தரையில் நிறுத்தவேண்டிய வரி என்று யாரும் கோடிட்டுக் காட்டமாட்டார்கள். காற்றுமடல் இல்லாததும், அடையாளத் தகடு கோணலாக இருப்பதும் அங்கே ஒரே தரத்தில் அடுத்தடுத்த எண்களைப் பெற்றுவிடும்.

ஆணை ஒழுக்கத்தை இறுக்கியது, எண்கள் இறங்கவில்லை. 1941ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று கட்சியும் அரசும் எடுத்த தீர்மானத்தில், விமானப்படை நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு மூன்று விமானங்களை விபத்துகளில் இழக்கிறது என்றும், அவ்வாண்டின் முழுமையடையாத முதல் காலாண்டிலேயே 141 பேர் இறந்தனர், 138 விமானங்கள் நொறுங்கின என்றும் பதிவாகியுள்ளது. படைத்தலைவர் ரிச்சாகவ் பதவி நீக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மீண்டும் ஒழுங்கின்மையே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் படை அதற்குள் பெருமளவு விரிந்திருந்தது, பயிற்சிக்காலம் சுருக்கப்பட்டிருந்தது, யூ-2 போன்ற சாதுவான பயிற்சி விமானத்தில் பழகி வந்த இளைஞர்கள் மிக்-3, யாக்-1, லாக்-3 ஆகிய வேகமான, வேகம் குறைந்தால் மன்னிக்காத விமானங்களுக்கு மாற்றப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த விமானங்களோ ஆலையிலிருந்து குறைகள் களையப்படாமலேயே வந்துகொண்டிருந்தன.