சதுர அடி என்ன ரேட்டுங்க?

என் முதல் தனி ஓவியக் கண்காட்சி முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கணக்குப் பார்த்ததில் நாலாயிரம் ரூபாய் கையைக் கடித்திருக்கிறது. மாமனார் கொப்பரை வியாபாரி. "மொத லோடுலயே நாலாயிரத்தோட தப்பிச்சது பெருசு கண்ணு" என்றார். அவர் கொடுத்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். படங்களை வரைந்து பரண்மேல் அடுக்கிவைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிற நம் பக்கத்து ஆட்கள் யாருக்காவது உதவலாம்.

எனக்குக் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பன்னிரண்டாவது முடித்தபோது ஓவியம் படிக்க ஆசை. அரசு கவின்கலைக் கல்லூரி என்றால் ஒன்று சென்னை, இல்லாவிட்டால் கும்பகோணம். "பொட்டப்புள்ளைய அத்தன தூரம் அனுப்பறதா?" என்று அப்பாரு கேட்டதோடு பேச்சு முடிந்தது. பி.காம். படித்துக்கொண்டே டிராயிங்கில் அரசு தொழில்நுட்பத் தேர்வு லோயர், ஹையர் இரண்டும் எழுதினேன். அப்புறம் டிராயிங் டீச்சர் ஆவதற்கான டி.டி.சி. சான்றிதழ். ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடம் டிராயிங் மிஸ். அங்கே என் பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். ஆறு வருடத்தில் ஒன்றைக்கூடத் திருப்பித் தந்ததில்லை.

இப்போது வீட்டு மாடியில் தகர ஷீட் போட்டு சனி, ஞாயிறு வகுப்பு. 22 பிள்ளைகள், மாதம் ஐந்நூறு. பெயின்ட், பேப்பர் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. புதிதாகச் சேரும் பிள்ளையிடம் எதையாவது வரையச் சொன்னால் இரண்டு மலை, நடுவில் அரைச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, ஒரு தென்னை. பத்துக்கு ஒன்பது பேர் இதைத்தான் போடுவார்கள். போன வருடம் ஒரு பையனிடம், "உங்க வீட்டு வாசல்ல நின்னா என்ன தெரியும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியாதுங்க மிஸ், காத்தாடிதான்" என்றான். அதையே போடு என்றேன். ஏழு காற்றாலை போட்டான், ஒவ்வொன்றின் இறக்கையும் வேறு வேறு கோணத்தில். பிசகாமல் பார்த்து வைத்திருக்கிறான். அவன் அம்மாவுக்குத்தான் வருத்தம். "இதுக்குப் போட்டியில பரிசு குடுப்பாங்களா மிஸ்?"

அவனைச் சொல்கிறேன், நானே பல வருடம் கேரளத்துப் படகும் கோபுரமும்தான் வரைந்தேன். கொறங்காட்டை வரைய ஆரம்பித்து நாலு வருடம்தான் ஆகிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், அடியில் மாடு. மழை பெய்தால் பச்சை, மற்ற நாளெல்லாம் ஒரு மாதிரி வெளுத்த வைக்கோல் நிறம். அந்த வெளுப்பைப் பிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. மஞ்சளைக் கூட்டினால் பாலைவனம் ஆகிவிடும். கொஞ்சம் ஊதா கலந்தால்தான் நம் ஊர் வரும்.

காலை நாலரைக்கு எழுந்தால் ஏழு மணி வரை என் நேரம். அதற்குமேல் அடுப்படி, பள்ளிக்கூட வேன், மாமியாருக்கு மாத்திரை. ஆனி, ஆடியில் அந்த நேரமும் முழுசாகக் கிடைக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் மாடியில் நேராக வந்து இறங்கும். வாட்டர்கலரில் வானத்துக்கு ஒரு வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த கலரை ஒரே பூச்சாக, இழுத்தால் வலக்கோடிக்குப் போவதற்குள் இடக்கோடி காய்ந்து விளிம்பு கட்டிவிடும். தாளின் இரண்டு பக்கத்தையும் நனைத்துப் பலகைமேல் ஒட்டவைத்து, இருப்பதிலேயே பெரிய பிரஷ்ஷை எடுத்து, கலர் தண்ணீரில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டுப் பார்த்தேன். ஓரளவு கைகொடுத்தது. புழுதிக்கு மட்டும் இன்றுவரை வழி தெரியவில்லை. என் ஆடி மாதத்துப் படங்களைத் தடவிப் பார்த்தால் மண் நெருடும்.

கான்வாஸ் நானே கட்டுவதுதான். கடையில் கட்டி வைத்திருப்பதை வாங்கினால் மாதச் சம்பளம் போய்விடும். பல்லடத்தில் கனமான காடாத் துணி எடுத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊறப்போட்டுக் கஞ்சியை எடுத்து, காயவைத்து, சட்டத்தில் இழுத்து அடிப்பேன். முதலில் நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின், அப்புறம் எதிரெதிராக ஓரத்தை நோக்கி. ஒரு பக்கத்தை முழுசாக அடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் துணி கோணிக்கொள்ளும். மூன்றடிக்கு மேல் போனால் குறுக்குச் சட்டம் கட்டாயம். பிறகு ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு மூன்று கோட்டு, நடுநடுவே 220 நம்பர் எமரித் தாளில் தேய்ப்பு. ஆரம்பத்தில் சிக்கனம் பார்த்து ஃபெவிகாலில் சாக்பொடியைக் கலந்து பூசிய மூன்று படமும் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப்போயின. அந்தச் சிக்கனம் மட்டும் வேண்டாம்.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன். முதன்முதலாக அசல் ஓவியங்களைக் கிட்டத்தில் நின்று பார்த்தது அவிநாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தில். கல்லூரிப் படிப்பு சமயம். அன்றையிலிருந்தே கோவையில் ஒரு சுவர் வேண்டும் என்பது மனதில் இருந்தது. எனக்கு இடம் கிடைத்தது வேறொரு கூடத்தில். பத்துப் படங்களின் போட்டோ, என்னைப் பற்றி ஒரு பக்கம், முன்பணம் பாதி, இவ்வளவுதான் கேட்டார்கள். ஆறு நாளுக்குப் பதினைந்தாயிரம் வாடகை. தேதிதான் பத்து மாதம் தள்ளிக் கிடைத்தது. ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, அந்தப் பத்து மாதத்தில் ஒன்பது படம் சேர்ந்தது. மே மாதத்தை மட்டும் தொடாதீர்கள். சம்மர் கேம்ப் வருமானம் முழுக்க அந்த ஒரு மாதத்தில்தான். நான் மாசியில் வைத்தேன்.

அந்த ஒரு பக்கக் குறிப்பு எழுத நாலு நாள் ஆனது. முதலில் எழுதியதில் பிரபஞ்சம், மௌனம் எல்லாம் இருந்தது. வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இதுல மாடே இல்லையே" என்றார். கிழித்துப் போட்டுவிட்டு, கொறங்காடு என்றால் என்ன என்று மேலே உங்களுக்குச் சொன்னதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

அதைவிடப் பெரிய பாடு விலை வைப்பது. எனக்குப் பிடித்த படத்துக்கு நாற்பதாயிரம், பிடிக்காததற்கு ஐந்தாயிரம் என்று மனம்போனபடி எழுதி வைத்திருந்தேன். கோவையில் எனக்கு மூத்த ஓவியர் ஒருவர் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஒரே அளவு, ஒரே பெயின்ட். ஒண்ணு அஞ்சாயிரம்னா அதுல ஏதோ கோளாறுன்னு நீயே எழுதி ஒட்டற மாதிரி. அளவை வெச்சு விலை போடு." சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது. தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற கணக்கா என்று எனக்கு ஒப்பவே இல்லை. இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மாமனார்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணபுரம் தேர் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பற்றி ஆரம்பித்தார். "அங்கயே துண்டுக்கு அடியிலதான் கூச்சமெல்லாம். வெலைய மனசுக்குள்ள கட்டாம எவனும் கைய உள்ள உடமாட்டான். நீ கைய உட்டுட்டு யோசன பண்ணிட்டிருக்கற" என்றார். சென்னைப் பக்கம் இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஞாபகத்துக்கு வந்தது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் அந்தக் கிராமத்தை உண்டாக்கியபோது, பாத்திக் மாதிரியான கைவினைப் பொருள்களை விற்ற காசு நிலம் வாங்க உதவியது என்று படித்திருக்கிறேன். அவர்களுக்கே இல்லாத கௌரவக் குறைச்சல் எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

சதுர அடி 1,500 என்று முடிவானது. மூன்றுக்கு நாலடி 18,000. இரண்டுக்கு மூன்றடி 9,000. ஓரடிக்கு ஓரடி மட்டும் 2,000, சின்னப் படத்துக்கு வேலை ஒன்றும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை.

இனி நான் செய்த முட்டாள்தனம். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, பளபளப்பாக இருக்கட்டும் என்று கான்வாஸ் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்தேன். தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. பபிள் ராப்பில் குமிழி உள்பக்கம் இருக்கும்படி சுற்றி டெம்போவில் ஏற்றினோம். காலை பதினொரு மணி, மாசி வெயில், மேலே தார்ப்பாய். பல்லடத்தில் ஒரு டீ, சூலூரில் டிராபிக். கூடத்தில் இறக்கிப் பிரித்தால், இருப்பதிலேயே பெரிய படத்தின் கருமேகம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம், அம்மை போட்டதுபோல. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி பத்து மணி வரை இருந்து மெல்லிசாக இன்னொரு கோட்டு வார்னிஷ் இழுத்ததில் முக்கால்வாசி மறைந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு மூலையில் இன்றும் தெரியும். வார்னிஷ் அடித்தால் ஒரு மாதமாவது விட்டுவிடுங்கள். படத்தின்மேல் முதலில் பட்டர் பேப்பர், அதற்குமேல் பபிள் ராப், குமிழி வெளிப்பக்கம்.

மாட்டுவதற்கு ஒரு நாள் முழுசாகப் போனது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலடி பத்தங்குலத்தில் வரவேண்டும். 26 படத்துக்கும் நைலான் கம்பியை ஏற்றி இறக்கி, மட்டம் பார்த்து, கீழே பெயர், அளவு, விலை ஒட்டி முடித்தபோது கழுத்து நிமிரவில்லை. திறப்புக்குப் பெரிய மனிதர் யாரையும் தேடவில்லை. பள்ளியில் எனக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டரைக் கூப்பிட்டு விளக்கேற்றச் சொன்னேன். அவர் படங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த வெள்வேலத்துக்கு நிழல் எந்தப் பக்கம் உழுது?" என்று மட்டும் கேட்டார். தப்பாகத்தான் போட்டிருந்தேன்.

முதல் நாள் சொந்தக்காரர்கள். இரண்டாம் நாள் மதியம் வரை வாட்ச்மேனும் நானும். மூன்று மணிக்கு வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்தார். பல்லடம் பக்கம் தறி வைத்திருப்பவராம், பக்கத்தில் ஏதோ வேலையாக வந்தவர். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக என்னிடம், "சதுர அடி என்ன ரேட்டுங்க?" என்றார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். "ஆயிரத்தி ஐந்நூறுங்க" என்றேன். மாடும் கன்றும் வெள்வேல நிழலில் நிற்கிற மூன்றுக்கு நாலடிப் படத்தின் முன்னால் போய் நின்றார். "மூணு நாலு பன்னெண்டு... பதினெட்டு. கணக்கு சரியாத்தான் போட்டிருக்கறீங்க. பதினஞ்சு வெச்சுக்கலாமுங்களா?"

"இல்லீங்க. துணிகூட உங்க பக்கத்துக் காடாதானுங்க."

அதுவரை படத்தைத் தொடாதவர், கான்வாஸின் பக்கவாட்டில் பெயின்ட் படாத துணி விளிம்பை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம். "பத்தாம் நம்பரு நூலு. நல்லா அடச்சு நெஞ்சிருக்கறாங்க" என்றார். அப்புறம் பேரம் பேசவில்லை. விற்றுவிட்டது என்பதற்கு அடையாளமாக லேபிள்மேல் சிவப்புப் பொட்டு ஒட்டியபோது என் கை நடுங்கியது.

மொத்தத்தில் அது ஒன்று, இரண்டுக்கு மூன்றடி இரண்டு, சின்னது மூன்று. 42,000 வந்தது. வாடகை, வாட்டர்கலர்களுக்கு ஃப்ரேம், டெம்போ இரண்டு நடை, அழைப்பிதழ், டீ பிஸ்கட் எல்லாம் சேர்த்துச் செலவு 46,000. ஃப்ரேமுக்கு மட்டும் 16,800. அந்த வாட்டர்கலர் பன்னிரண்டில் ஒன்றுகூடப் போகவில்லை என்பதை எழுதும்போது இப்போதும் வயிற்றெரிச்சல்.

ஐந்தாம் நாள் வகுப்புப் பிள்ளைகள் வேன் பிடித்து வந்தார்கள், கூடவே ஒரு பிள்ளையின் அப்புச்சியும், அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா. பட்டிக்காரர், வயது எழுபதுக்கு மேல். சிவப்புப் பொட்டு ஒட்டிய படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, இந்தக் கன்னுக்கு எத்தன மாசம்?"

"மூணு மாசம் இருக்குமுங்க."

"மூணு மாசக் கன்னு மயிலையா இருக்குமா? காங்கேயங் கன்னு செவலையாத்தானே உழும். ஆறு மாசத்துக்கு மேலதான் நெறம் மாறும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. பிறந்ததிலிருந்து பார்த்த கன்றுகள். தாய் சாம்பல் நிற மயிலை என்பதால், செம்பழுப்பாக இருக்க வேண்டிய கன்றுக்கும் கை தானாகவே சாம்பலை இழுத்திருக்கிறது. பையனிடம் வாசலில் நின்று பார்க்கச் சொன்னவள் நான்தான். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. விற்ற படத்தில் கை வைப்பது முறையில்லை, அப்படியே கொடுக்கவும் மனசு வரவில்லை. காலையில் தறிக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். வார்னிஷ்மேல் பெயின்ட் நிற்காது, எடுத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும், பத்து நாள் கூடுதலாக ஆகும் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் தறி ஓடுவதுதான் கேட்டது.

"மாத்துங்க, மாத்துங்க. செவலையாக்குனா ரேட்டு ஏறுமுங்களா?"

"ஏறாதுங்க" என்றேன்.