திரித்துவத் தாள்: எதிர்த்தரப்பின் வசனத்தை முதலில் படியுங்கள்

இறையியல் தேர்வு முடிவு வந்துவிட்டது. எல்லாத் தாள்களிலும் நான் அதிகம் அஞ்சியது, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற போதனையைப் பற்றிய திரித்துவத் தாளுக்குத்தான். அதிக மதிப்பெண் வந்திருப்பதும் அதில்தான். நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அடுத்து எழுதப்போகிறவர்களிடம் அதே பழைய குறிப்புகள் கைமாறிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் குறிப்புகளில் ஆரியஸுக்குக் கிடைப்பது மூன்றே வரி: "குமாரனைப் படைப்பு என்றான். நிசேயா சங்கத்தில் கண்டிக்கப்பட்டான். கள்ள உபதேசம்." பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒருவரே எடுக்கும் மூன்று வடிவங்கள் என்ற சபெல்லியஸுக்கு இன்னும் குறைவு. இதை ஒப்பித்தால் தேர்ச்சி பெறலாம். "விவாதிக்க" என்று முடியும் கேள்விக்கு முன்னால் இது ஒரு பக்கம்கூட ஓடாது. வேதத்தைத் திறந்தே பார்க்காத ஒருவர் ஏதோ உளறிவிட்டதுபோல் அவை பேசுகின்றன. ஆரியஸோ அலெக்சாந்திரியாவில் மூப்பராக இருந்தவர். அவர் தரப்பு வசனத்தோடுதான் வாதாடியது.

எனக்குக் கைகொடுத்த வழி ஒன்றுதான். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு தாளை ஒதுக்கினேன். அதில் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதினேன். இவர்கள் எந்த வசனத்தின்மேல் நின்றார்கள்? எது நேர்ந்துவிடும் என்று பயந்தார்கள்? மறுப்பு எழுதுவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆரியஸின் தாள் இப்படி இருந்தது. வசனங்கள்: "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" (யோவான் 14:28); "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறு" (கொலோசெயர் 1:15); ஞானம் பேசுகிற நீதிமொழிகள் 8:22. அவர்கள் வாசித்த கிரேக்க வேதத்தில் இந்தக் கடைசி வசனம் "கர்த்தர் என்னைப் படைத்தார்" என்றே இருந்தது. பயம்: கடவுள் ஒருவரே பிறவாதவர், அவருடைய தன்மையில் இன்னொருவருக்குப் பங்கு உண்டென்றால், கடவுள் கூறுபடுகிறவர் ஆகிவிடுவார், அல்லது கடவுள்கள் இருவராகிவிடுவார்கள். இவ்வளவையும் எழுதிவிட்டுப் பாருங்கள். "அப்படியானால் இதற்கு என்னதான் பதில்?" என்ற கேள்வி தானாக எழும். அந்தக் கேள்வி எழாதவருக்கு, ஆரியஸை எதிர்த்து நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் புரியவே மாட்டார்.

அத்தனாசியுஸின் பலம் இரட்சிப்பிலும் தொழுகையிலும் இருக்கிறது. ஒரு படைப்பு இன்னொரு படைப்பைக் கடவுளோடு சேர்த்துவைக்க முடியாது. சபையோ ஆதிமுதல் குமாரனைத் தொழுதுவருகிறது. அவர் படைப்பு என்றால் அந்தத் தொழுகை விக்கிரகாராதனை ஆகிவிடும். "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்ற வரி எதைக் காப்பதற்காக விசுவாசப் பிரமாணத்தில் நிற்கிறது என்று எனக்கு விளங்கியது இங்கேதான். ஞாயிறுதோறும் வாயால் சொல்லிவந்த வரி. அதற்குப் பிறகு சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது.

"325-ல் நிசேயாவில் ஆயர்களின் சங்கம் கூடியது, சர்ச்சை தீர்ந்தது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சர்ச்சை சூடுபிடித்ததே அதற்குப் பிறகுதான். சங்கத்தைக் கூட்டிய கொன்ஸ்தந்தீன் பேரரசருக்கு 337-ல் ஞானஸ்நானம் கொடுத்தவர், ஆரியஸை ஆதரித்த நிக்கொமேதியா ஆயர் யூசேபியுஸ். அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 357-ல் சிர்மியத்தில் கூடிய ஆயர்கள் "தன்மை" என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்றார்கள். 381-ல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் வரை இழுபறிதான்.

இந்த இடைக்காலத்தில் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிற ஓர் ஆண்டு உண்டு: 362. அலெக்சாந்திரியாவில் அத்தனாசியுஸ் ஒரு சிறு சங்கத்தைக் கூட்டினார். கடவுளில் ஹுப்பொஸ்தாசிஸ் (சிலர் இதைத் "தன்மை" என்றும், சிலர் "தனித்த ஆள்" என்றும் கொண்டார்கள்) ஒன்று என்பவர்களும், மூன்று என்பவர்களும் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்த நேரம். அவர் இரு தரப்பாரிடமும் "நீங்கள் சொல்வதன் பொருள் என்ன?" என்று விசாரித்தார். மூன்று என்றவர்கள் மூன்று கடவுள்களைச் சொல்லவில்லை. ஒன்று என்றவர்கள் சபெல்லியஸைப் பின்பற்றவில்லை. இரு தரப்பாரையும் ஏற்றுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் போராடிய மனிதர், அந்த நேரத்தில் காதுகொடுத்துக் கேட்டார். திரித்துவ வரலாற்றில் நான் மிகவும் நேசிக்கிற பக்கம் இது. இதை என் விடைத்தாளில் எழுதினேன். மதிப்பெண்ணில் அதற்குப் பங்கு இருக்கிறது என்றே நம்புகிறேன்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சபெல்லியஸ்: வசனம், உபாகமம் 6:4, யோவான் 10:30. பயம், மூன்று தெய்வ வழிபாடு. பதில், கெத்செமனேயில் இயேசு யாரிடம் ஜெபித்தார் என்ற கேள்வி.

கப்பதோக்கிய பிதாக்கள் (பசிலியு முதலான கிழக்குச் சபை ஆசிரியர்கள்): ஊசியா (தன்மை) ஒன்று, ஹுப்பொஸ்தாசிஸ் (ஆள்) மூன்று. இந்தச் சூத்திரத்தோடு நின்றுவிடாமல், பசிலியு மகிமைப்பாடலில் பரிசுத்த ஆவியைப் பிதாவோடும் குமாரனோடும் சேர்த்துத் துதித்ததற்காக விமரிசிக்கப்பட்டதையும், அதற்குப் பதிலாக ஆவியைக் குறித்தே ஒரு நூல் எழுதியதையும் சொல்லுங்கள்.

"குமாரனிடமிருந்தும்" என்ற சேர்க்கை (ஆவி பிதாவிடமிருந்து புறப்படுகிறார் என்ற பிரமாண வரியில் மேற்குச் சபை சேர்த்த சொல்): கிழக்கின் பயம், கடவுளில் இரண்டு ஊற்றுகள் என்றாகிவிடும் என்பது. அவர்களுடைய வசனம் யோவான் 15:26. மேற்கின் பயம், குமாரன் பிதாவுக்குக் குறைந்தவராகத் தோன்றுவார் என்பது. பாப்பரசர் மூன்றாம் லியோ இந்தப் போதனையை ஏற்றுக்கொண்டும், பிரமாணத்தில் சேர்க்க மறுத்து, அந்தச் சொல் இல்லாத வடிவத்தை வெள்ளித் தகடுகளில் பொறித்துவைத்தார். கிழக்கும் மேற்கும் பிரிந்த 1054-ஐ மட்டும் எழுதுகிறவர்கள் இந்தத் தகடுகளை விட்டுவிடுகிறார்கள்.

திரித்துவத்தை ஏற்காத இக்காலக் குழுக்கள் பற்றிய கேள்வியில் எல்லாரையும் "ஆரியஸின் தரப்பு" என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். யெகோவாவின் சாட்சிகள் ஆரியஸுக்கு அருகில் நிற்கிறார்கள். அப்போஸ்தலர் 2:38-இன்படி இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் ஏகத்துவ பெந்தெகொஸ்தேயினர் சபெல்லியஸின் பக்கம். பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையோ, நோக்கத்தில் ஒன்றான தனித்தனி மூவரைச் சொல்கிறது. அது இரண்டிலும் சேராது. திரித்துவத்தை மறுத்த மிகாயேல் செர்வேத்துஸைக் குறிப்பிட்டால், 1553-ல் ஜெனீவாவில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டதையும் மறைக்காமல் எழுதுங்கள். நம் தரப்பின் பாவத்தை எழுதியதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

இனி, கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியவை:

- 1 யோவான் 5:7-ஐ ஆதாரமாக வைக்காதீர்கள். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்கிற அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்முஸ் 1516, 1519 பதிப்புகளில் விட்டுவிட்டு 1522-ல்தான் சேர்த்தார். மத்தேயு 28:19, 2 கொரிந்தியர் 13:14 போதும்.
- நீர், பனிக்கட்டி, நீராவி உவமை வேண்டாம். அது நேராகச் சபெல்லியஸிடம் கொண்டுபோய் விடும்.
- அத்தனாசியுஸ் பிரமாணத்தை அத்தனாசியுஸ் எழுதியதாகச் சொல்லாதீர்கள். அது இலத்தீனில் பிற்காலத்தில் எழுந்தது.
- அகுஸ்தீனின் நினைவு, அறிவு, சித்தம் என்ற ஒப்புமையை எழுதினால், திரித்துவம் பற்றிய தம் நூலின் 15-ஆம் பாகத்தில் அது போதாது என்று அவரே சொல்வதையும் சேருங்கள்.

படிக்கும் முறையைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் தனியாக, வாய்விட்டுப் படிக்கிறவன். குழுவாக அமர்ந்தால் யாராவது ஒருவர் முதல் பத்து நிமிடத்திலேயே ஆரியஸைத் தோற்கடித்துவிடுவார். பிறகு யாரும் அவருடைய வாதத்தைக் கேட்கப் பொறுமை காட்டுவதில்லை. குழு வேண்டும் என்றால், ஆளுக்கொரு தரப்பைப் பிரித்துக்கொண்டு அதற்காக வாதாடுங்கள். அன்றைக்கு யாரும் கட்சி மாறக் கூடாது.

விடையிலும் அதே வரிசைதான். முதல் மூன்றில் ஒரு பங்கு எதிர்த்தரப்புக்கு, அவர்களுடைய வசனங்களோடு. ஆண்டுகளை ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்துக்கொண்டு தொடங்குங்கள். நேரம் போதாமல் போனால் உவமைகளை விடுங்கள், 362-ஐ விடாதீர்கள்.