ஹெட் பிரஷர் ஏறினால் உடனே ஆசிட் ஊற்றாதீர்கள்

ஏசிக்குக் குளிர்ந்த தண்ணீர் தரும் வாட்டர் கூல்டு சில்லர், ஹெட் பிரஷர் (கண்டென்சரில் கேஸின் அழுத்தம்) ஏறி டிரிப் ஆனால் முதலில் ரீசெட் பட்டன். மறுபடி டிரிப் ஆனால், ட்யூபில் படிந்த உப்பை ஆசிடால் நீக்கும் டீஸ்கேலிங் ஆள். பல பிளான்ட் ரூம்களில் இதுதான் வழக்கம். ட்யூபில் உப்பே படியாதபோதும் ஆசிட் ஓடுகிறது. உலோகத்தைக் காக்கும் இன்ஹிபிட்டர் மருந்தைச் சரியாகக் கலக்காவிட்டால் ஆசிட் செம்பு ட்யூபைத்தான் தின்னும்.

அதற்கு முன் நான்கு அளவுகளை எடுங்கள்: வெட் பல்ப் (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் காற்றின் வெப்பநிலை), கண்டென்சருக்குள் (கேஸின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் பாகம்) போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர், ஹெட் பிரஷருக்கு உரிய கேஸ் வெப்பநிலை. லோடு 80 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். பாதி லோடில் எல்லா கண்டென்சரும் சுத்தமாகத்தான் தெரியும்.

சென்னை வெட் பல்ப் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அந்தச் சூடான தண்ணீரை ஆற வைக்கும் கூலிங் டவர் நன்றாக இருந்தால் 32 டிகிரியில் தண்ணீர் தரும். அது கண்டென்சரில் 5.5 டிகிரி ஏறி 37.5 ஆகும். ஆர்134ஏ கேஸ் போட்ட மெஷினில் கேஜ் சுமார் 128 பிஎஸ்ஐ காட்டும். அது 39 டிகிரிக்குச் சமம். இந்த ஒன்றரை டிகிரி இடைவெளிதான் கண்டென்சர் அப்ரோச்.

உள்ளே போகும் தண்ணீரே 35 என்றால் சில்லரைத் தொடாதீர்கள், கோளாறு டவரில். பெல்ட் தளர்வு, நாசில் அடைப்பு, பில்லில் (டவருக்குள் தண்ணீர் பரவி வடியும் அடுக்குகள்) சேறு. பேனலில் வேலை நடந்திருந்தால் கரண்டின் பேஸ் வரிசை மாறி டவர் பேன் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். காற்று கொஞ்சம் வரத்தான் செய்யும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

32-ல் போய் 40-ல் வந்தால் தண்ணீர் போதவில்லை. 5.5 ஏற வேண்டியது 8 ஏறுகிறது என்றால் ஓட்டம் 70 சதவீதத்துக்குக் கீழே. குழாயில் குப்பையைத் தடுக்கும் ஸ்ட்ரெய்னரைக் கழற்றுங்கள். அடைப்பு இருந்தால் பம்ப் ஆம்ஸும் (மோட்டார் இழுக்கும் கரண்ட்) வழக்கத்தைவிடக் குறைந்திருக்கும். ஆம்ஸ் குறைந்தால் மோட்டாருக்கு நல்லது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு!

தண்ணீர் இரண்டும் சரி, கேஜ் மட்டும் 146 பிஎஸ்ஐ, அதாவது 43 டிகிரி. அப்ரோச் ஆறை நெருங்கிவிட்டது. இப்போதுதான் உப்பைச் சந்தேகிக்கலாம். அதிலும் காற்று கலந்திருக்க வாய்ப்பு உண்டு, குறிப்பாக சமீபத்தில் மெஷினைத் திறந்து வாக்குவம் சரியாக இழுக்காமல் கேஸ் போட்டிருந்தால். மெஷினை நிறுத்தி, கண்டென்சர் பம்பை மட்டும் அரை மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வருவதும் ஒரே வெப்பநிலைக்கு வந்ததும், பிரஷர் சார்ட்டில் அந்த வெப்பநிலைக்கு என்ன அழுத்தம் என்று பாருங்கள். கேஜ் அதைவிடக் கூடக் காட்டினால் உள்ளே காற்று. ஒத்துப்போனால் உப்பு, ஆசிடுக்கு முன் கண்டென்சரின் என்ட் கவரைத் திறந்து பாருங்கள். வெறும் சேறு என்றால் பிரஷ் போதும்.

உப்புதான் என்றால் ப்ளோடவுன், அதாவது உப்பு ஏறிய டவர் தண்ணீரை வெளியே விடுவது, சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். 100 டன் சில்லரில் கண்டென்சர் தண்ணீர் 300 ஜிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை காலன்); முழு லோடில் டவரிலிருந்து மணிக்கு சுமார் 580 லிட்டர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். டவருக்குப் புதிதாகச் சேர்க்கும் மேக்கப் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 500, டவரில் 1500-க்குள் நிறுத்த வேண்டும் என்றால், ஆவியாவதில் பாதியை, 290 லிட்டரை, மணிக்கு மணி வெளியே விட்டாக வேண்டும். ப்ளோடவுன் குழாயில் 10 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்தில் நிறையும்படி வால்வைத் திறந்து, கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் வீணாகிறது என்று யாராவது மூடிவிடுவார்கள்.