வகுப்பெடுக்காத பேராசிரியர்

பேராசிரியர் கே. எம். காதர் மொகிதீன் அவர்களைப் பற்றி மலருக்கு எழுதித் தர வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் நான் வணிகவியல் படித்தவன். அவருடைய வகுப்பில் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்ததில்லை. "அவரைப் பற்றிப் பேசும்போது நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?" என்றார் செயலாளர். "பேராசிரியர்" என்றேன். "அப்படியானால் எழுதுங்கள்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

காஜா நகர் வளாகத்தில் துறைக்குத் துறை வாத்தியார்கள் இருந்தார்கள். எங்கள் விடுதி அறையில் நான்கு பேர். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அன்றைய வகுப்புகளைப் பற்றிப் பேசுவோம். எந்த ஆசிரியர் குறிப்பு கொடுப்பார், எவர் வருகைப் பதிவில் கறார் என்பதுதான் எனக்குக் கவலை. கலைப்பிரிவு நண்பன் மட்டும் அரசியல் பேசுவான். முஸ்லிம் லீக் மேடைக்கும் போகிற பேராசிரியரின் பெயரை நான் முதலில் கேட்டது அவன் வாயால்தான். பாடம் நடத்துகிறவருக்கு மேடை எதற்கு என்று நினைத்தேன். பேரேட்டில் வரவும் செலவும் ஒத்துப்போனால் போதும் என்று இருந்த வயது.

புதுக்கோட்டைப் பக்கம் திருநல்லூர் அவருடைய ஊர். கல்லூரிப் பணிக்குப் பின் முழுநேர அரசியல், லீக்கின் தமிழகத் தலைமை, 'மணிச்சுடர்' நாளேடு என்று போனது அவர் வாழ்க்கை. நான் இருக்கும் குவைத்துக்கு ஊரிலிருந்து யாராவது வந்தால் மசாலாப் பொட்டலங்களுக்கு இடையே பழைய மணிச்சுடர் ஒன்று மடித்துக் கிடக்கும். பொட்டலத்தைப் பிரித்துவிட்டுத் தாளையும் படித்துவிடுவது என் வழக்கம்.

தமிழக அரசியலில் பெயர் சேர்க்காமல் 'பேராசிரியர்' என்றால் அது பச்சையப்பன் கல்லூரியில் பாடம் சொன்ன க. அன்பழகனைக் குறிக்கும். ஜமாலியன்கள், அதாவது ஜமால் முகமது கல்லூரியில் படித்தவர்கள், கூடும் இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். கூட்டணி மேடையில் இருவரும் அருகருகே அமர்ந்திருந்தால் நாங்கள் எப்படிப் பேசிக்கொள்வது என்று அறை நண்பர்களோடு வேடிக்கையாக வாதிட்டதுண்டு.

2004 மக்களவைத் தேர்தலில் அவர் வேலூரில் நின்றார். வேலூர் கஸ்பாவில் என் மாமி இருந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் எந்தச் சின்னம் யாருடையது என்பதில் தடுமாறவே மாட்டார். வாக்களித்துவிட்டு வந்தவர் குவைத்துக்கு வந்த தொலைபேசியில் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்: "லீக்கின் ஏணியைத் தேடினேன், இல்லை. உங்கள் பேராசிரியர் பெயருக்கு நேரே சூரியன் இருக்கிறது. சரியாகத்தான் அழுத்தினேனா?" சரிதான் என்றேன். தி.மு.க.வின் உதயசூரியனில் நின்று வென்றதால் அவையின் கணக்கில் அவர் தி.மு.க. உறுப்பினர். லீக்கின் கணக்கில் அந்த அவையில் இருந்தவர் பொன்னானியில் வென்ற இ. அகமது ஒருவர்தான். ஒரு சிறிய கட்சி பெரிய கூட்டணிக்குள் இருப்பதற்குக் கொடுக்கும் விலை இது. எனக்கு அதில் இன்றும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. சொந்தப் பெயரில் கடை போட முடியாமல் அடுத்தவர் பெயர்ப்பலகையின் கீழ் வியாபாரம் செய்கிறவனின் மனத்தாங்கல். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்திய யூனியன் முஸ்லிம் லீக் 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் தொடங்கியது. முதல் தலைவர் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத். ஆட்சிமொழியாகும் தகுதி தமிழுக்கு உண்டு என்று அரசியல் நிர்ணய சபையில் வாதாடியவர். 1972இல் அவர் மறைந்த பிறகு பாபகி தங்ஙள், சுலைமான் சேட், பனாத்வாலா, இ. அகமது என்று தலைமை போயிற்று. கட்சியின் பலமும் கேரளத்தில்தான். 2017இல் அகமது மறைந்ததும் தேசியத் தலைவர் பொறுப்புக்குப் பேராசிரியர் வந்தார். நாற்பத்தைந்து ஆண்டு கழித்து மீண்டும் ஒரு தமிழர். 2019இல் இராமநாதபுரத்தில் நவாஸ் கனி ஏணிச் சின்னத்திலேயே வென்றபோது மாமியை நினைத்துக்கொண்டேன். அதைப் பார்க்க அவர் இல்லை.

கடந்த 2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. எங்களுக்கு வார விடுமுறை. தமிழக அரசின் 'தகைசால் தமிழர்' விருதைப் பேராசிரியர் கோட்டையில் பெறுவதைப் பார்க்க விடிந்ததும் கைப்பேசியோடு உட்கார்ந்துவிட்டேன். சங்கரய்யாவில் தொடங்கிய விருது, நல்லகண்ணு, வீரமணி, குமரி அனந்தன் ஆகியோருக்குப் பின் எண்பத்தைந்து வயதில் இவருக்கு வந்திருக்கிறது. படம் அடிக்கடி நின்று நின்று ஓடியது. அறையில் என்னோடு தங்கியிருக்கும் மலப்புரத்துக்காரர், பல் தேய்த்துக்கொண்டே வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எங்கள் அகில இந்தியத் தலைவர் அல்லவா!" என்றார்.

"எங்கள் பேராசிரியர்" என்றேன்.

"ஓ, உங்களுக்குப் பாடம் எடுத்தாரா?"

ஒரு நொடி யோசித்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என்ன பாடம் என்று கேட்பதற்குள் அவர் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.